புற்றுநோயும் கத்தியச்சமும்

நோயைக் காட்டிலும் நோயைப் பற்றிய பிழையெண்ணம் மிகுந்த கேடு விளைத்தல் உலகில் புதிதன்று. "கட்டியிற் கத்தி பட்டால் அஃது உடல் முழுதும் பரவிவிடும்" என்னுஞ் சொல் நம் நாட்டிற் கற்றார் இல்லத்தும் கல்லார் இல்லத்தும் ஒருங்கே வழங்குகின்றது. இதற்கஞ்சி, சிறு தசைத்துணுக்கு எடுத்துச் சோதித்தற்கும் இசையாது மாதங்களைக் கழிப்போர் பலர். இவ்வச்சத்தை நீக்குதல் கற்றோர் கடனென்பதே எமது கருத்து.

வலையின் வலிமை நூலில் மட்டுமன்று, முடிச்சிலும் உள்ளதென்பதைக் குருசுக்குப்பத்து மீனவர் நன்கறிவர். நம் உடலும் அத்தகையதே. வாயின் உட்புறம், இரைப்பை, மார்பகம் முதலியவற்றின் உறைத் திசுக்களில் உயிரணுக்களை ஒன்றோடொன்று பிணைப்பன சில புரதங்கள். அவற்றுள் தலைமையானது ஈ-கேடெரின். மசதோஷி தாக்கெய்ச்சி என்னும் ஜப்பானிய விஞ்ஞானியும் அவர்தம் தோழரும் 1984-இல் இவ்வினத்துக்குக் கேடெரின் எனப் பெயரிட்டனர். கால்சியத்தின் துணையின்றி இவை பற்றுவதில்லை.

மரபணு பழுதுற்றோ, அடங்கியோ இப்புரதம் குறையுங்கால் பிணைப்புத் தளர்கின்றது. தளர்ந்த அணுக்கள் இடம்பெயரும் ஆற்றல் பெற்று, அடிச்சவ்வைத் துளைத்து, நிணநீரிலும் குருதியிலும் புகுகின்றன. நியூசிலாந்து மவோரிக் குடும்பத்தாரிடை வழிவழி வந்த இரைப்பைப் புற்றுக்கு இம்மரபணுவின் பழுதே காரணமென 1998-இல் தெளிவாயிற்று.

எல்லாப் புற்றுக்கும் இஃதொன்றே காரணமோ எனின், அன்று. ஈ-கேடெரினை இழவாமலே பரவும் மார்பகப் புற்றுக்களும் உள. எனினும், பரவுதற்குரிய மாறுதல் அணுவினுள்ளே தோன்றுவதேயன்றிக் கத்தி தருவதன்று. ஊசி சென்ற வழியில் அணுக்கள் தங்குதல் சில நோய்களில் மிக அரிதாக நிகழ்வதுண்டு. அதனையறிந்த வைத்தியர் அதற்கேற்ற முறையைக் கைக்கொள்வர். அவ்வரிய இடருக்கஞ்சிக் காலந்தாழ்த்துவோர், முடிச்சுக்கள் ஒவ்வொன்றாய் அவிழ்தற்குத் தாமே அவகாசம் அளிக்கின்றனர்.

உதவியோ தொலைவிலில்லை. 1823-இல் பிரெஞ்சுக்காரர் நிறுவிய வைத்தியப் பள்ளியின் வழிவந்த ஜிப்மரில் புற்றுநோய்ப் பிரிவு உளது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954-இல் எழுந்த அடையாற்றுப் புற்றுநோய் நிலையமும் உளது. ஆயினும், நோயாளி வாராவிடின் நிலையங்கள் என் செய்யும்?

மாணவ நண்பர்களே! நுண்ணோக்கியிற் கண்டதை விடைத்தாளில் எழுதுவதோடு நம் கல்வி நிற்றல் தகாது. புகையிலையும் பாக்கும் வாய்ப்புற்றுக்கு வித்தென்பதை நம் சுற்றத்தார்க்குச் சொல்லுவோம். மூன்று வாரத்தில் ஆறாத வாய்ப்புண்ணையும், மார்பிற் புதிதாய்த் தோன்றிய கட்டியையும் உடனே வைத்தியரிடங் காட்டச் செய்வோம். தனியே செல்ல அஞ்சுவாருடன் நாமும் செல்வோம். இவ்வாறு ஓர் உயிர் காலத்திற் காக்கப்படுமாயின், நாம் கற்ற உயிர்நூல் பயனுடையதாகும்.