காளிக்கு ஒரே புத்தகம், சுப்பாண்டிக்கு நாற்பது வருஷம்

சுப்பாண்டியைத் தெரியாத வீடு குறைவு. கூம்பு மாதிரி தலை, குச்சி மாதிரி உடம்பு. முதலாளி சொன்னதை அப்படியே செய்துவைத்து வீட்டையே தலைகீழாக்கும் வேலைக்காரன். 1983 ஜனவரியில் ‘டிங்கிள்’ இதழில் அறிமுகமானான். திருச்சியிலிருந்து பி.வரதராஜன் என்பவர் அனுப்பிய வேடிக்கைக் கதைகளுக்கு, ஓவியர் ராம் வயீர்கர் உருவம் கொடுத்தார். நாற்பது வருஷம் தாண்டியும் குழந்தைகள் அவனைப் படித்து விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். நானும் சிரித்திருக்கிறேன்.

சிரித்து முடித்த பிறகு ஒன்று யோசித்துப் பாருங்கள். டெல்லியிலோ போபாலிலோ வளரும் ஒரு குழந்தைக்கு, காமிக்ஸ் வழியாக முதன்முதலில் தெரியவரும் தமிழ்ப் பெயர் எதுவாக இருக்கும்? அநேகமாக இவன் பெயர்தான். அதில் சுப்பாண்டியின் தப்பு எதுவும் இல்லை. அவனைப் போலவே பிரபலமாக ஒரு தமிழ்த் துப்பறிவாளியும், ஒரு தமிழ் விஞ்ஞானியும் அந்தக் குழந்தைக்குத் தெரிந்திருந்தால், அவன் வெறும் சுப்பாண்டியாக மட்டும் இருந்திருப்பான். தனி ஆளாக இருக்கும்போதுதான் ஒருவன் மொத்த ஊருக்கும் அடையாளமாகிவிடுகிறான்.

சரி, நாம் மட்டும் என்ன, சளைத்தவர்களா? நம் ஜோக்குகளில் சேட்டு வந்தால் ‘நம்பள்கி, நிம்பள்கி’ என்றுதான் பேசுவார். கூர்க்கா வந்தால் ‘ஷாப்’ என்று சல்யூட் அடிப்பார். இரண்டு பேருக்கும் வேறு வசனமே கிடையாது.

கரையான்சாவடியில் எங்கள் தெருக்கோடியில் ஒரு குடும்பம் குடியிருக்கிறது. ஒடிசாவிலிருந்து கட்டட வேலைக்கு வந்தவர்கள். பையன் வீட்டில் ஒடியா பேசுகிறான், பள்ளிக்கூடத்தில் தமிழ் படிக்கிறான், கிரிக்கெட்டில் எங்கள் தெருவுக்கே ஓப்பனிங் பேட்ஸ்மேன். ஆனால் தெருவில் அவனுக்குப் பெயர் ‘ஹிந்திக்காரன்’. அவன் பேசும் மொழி எது என்று யாரும் கேட்கவில்லை. கேட்கத் தோன்றாது; அவனைப் போன்ற ஒருவனை நம் பிள்ளைகள் எந்தக் கதையிலும் சந்தித்ததில்லையே!

இதே கேள்வியோடு அமெரிக்காவில் வெகுநாளாக மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார்கள். 1965இல் நான்சி லாரிக் என்ற கல்வியாளர், மூன்று வருஷங்களில் வெளிவந்த 5,000க்கும் மேற்பட்ட சிறுவர் புத்தகங்களைக் கணக்கெடுத்தார். கறுப்பினத்தவர் ஒருவராவது இடம்பெற்றவை 6.7 சதவீதம்தான். அந்தக் கட்டுரையின் தொடக்கமே ஓர் ஐந்து வயதுக் கறுப்பினச் சிறுமி கேட்ட கேள்விதான்: ஏன் எப்போதும் வெள்ளைக்காரக் குழந்தைகளே வருகிறார்கள்?

ஸ்பானிஷ் பேசும் குடும்பங்களின் கதையும் இப்படித்தான். போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வந்து நியூயார்க் பொது நூலகத்தில் வேலைக்குச் சேர்ந்த பூரா பெல்ப்ரே, தான் சின்ன வயதில் கேட்ட கதை ஒன்றுகூட அங்கே அலமாரியில் இல்லை என்று கண்டார். தானே சொல்ல ஆரம்பித்தார், எழுதவும் செய்தார். அவர் பெயரில் 1996இல் ஒரு சிறுவர் இலக்கிய விருதே ஏற்பட்டது. மறுவருஷம், பெண் குழந்தைகளிடையே பிரபலமான ‘அமெரிக்கன் கேர்ள்’ வரிசையில் ஜோசஃபினா வந்தாள். 1824இல் நியூ மெக்சிகோ பண்ணை வீட்டில் வாழும் ஒன்பது வயதுச் சிறுமி. ஆறு புத்தகங்கள். அம்மா இல்லாத அவளுக்கு மூன்று அக்காக்கள். வீட்டிலிருக்கும் முரட்டு ஆட்டைக் கண்டால் அவளுக்குப் பயம்.

அந்த ஆட்டைத்தான் கவனிக்க வேண்டும். ஒரே புத்தகம் என்றால், “இவர்கள் யார், எப்படி வாழ்கிறார்கள்” என்று விளக்குவதற்குள் பக்கம் தீர்ந்துவிடும். ஆறு புத்தகம் இருந்தால்தான் ஆட்டுக்குப் பயப்பட நேரம் கிடைக்கும். வாசிக்கும் குழந்தையும் “அட, இவளும் என்னை மாதிரிதான்” என்று நினைக்கும்.

இப்போது நம் வீட்டுக்கு வருவோம். சென்னையின் தூலிகா பதிப்பகம் ஓர் அருமையான படக்கதை வெளியிட்டிருக்கிறது. எழுதியவர் ஸாய் விட்டேகர். நாயகன் காளி, இருளர் வீட்டுப் பையன். அப்பா பாம்பு பிடிப்பவர். பள்ளியில் மற்ற பிள்ளைகள் அவனிடம் ஒட்டுவதில்லை. அவன் கொண்டுவரும் வறுத்த கரையானைப் பார்த்து முகம் சுளிக்கிறார்கள். ஒருநாள் வகுப்புக்குள் சாரைப்பாம்பு வந்துவிடுகிறது. எல்லோரும் அலற, காளி அதை அநாயாசமாகப் பிடிக்கிறான்.

ஊர்ப் பெயரிலேயே கரையானை வைத்திருக்கும் நாங்கள் அந்தத் தின்பண்டத்துக்கு முகம் சுளிக்க முடியுமா? மழைக்காலத்தில் ஈசலை வறுத்துப் பொரியோடு தின்ற தாத்தா, பாட்டி நம் வீடுகளிலும் உண்டு.

இருளர்கள் எங்கோ காட்டில் இருப்பவர்கள் அல்ல. எங்கள் திருவள்ளூர் மாவட்டத்திலும் பக்கத்துச் செங்கல்பட்டிலும் வாழ்கிறார்கள். வடநெம்மேலியில் 1978இல் தொடங்கிய அவர்களுடைய கூட்டுறவுச் சங்கம் எடுத்துத் தரும் நஞ்சிலிருந்துதான் பாம்புக்கடி மருந்து தயாராகிறது. 2023இல் வடிவேல் கோபால், மாசி சடையன் என்ற இரண்டு இருளர்களுக்குப் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. நாடே கொடுத்த மரியாதை அது.

ஆனால் காளிக்குக் கிடைத்தது ஒரே புத்தகம். அதிலும் அவன் பாம்பைப் பிடித்த பிறகுதான் வகுப்பு அவனைச் சேர்த்துக்கொண்டது. பாம்பு வராத நாளில் காளி என்ன செய்வான்? வீட்டுப்பாடம் எழுதாமல் மாட்டிக்கொள்வானா, தங்கையோடு சண்டை போடுவானா, சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொள்வானா? அதைச் சொல்ல இரண்டாம் புத்தகமும் மூன்றாம் புத்தகமும் வேண்டும். சாகசம் செய்தால்தான் பக்கத்தில் உட்கார விடுவோம் என்பது நட்பு இல்லை, பரீட்சை.

இதைச் சரியாகச் செய்த உதாரணம் சுப்பாண்டி பிறந்த அதே ‘டிங்கிள்’ இதழிலேயே இருக்கிறது. 2015இல் வந்தாள் ‘விங்ஸ்டார்’. நிஜப்பெயர் மபுயி காவ்லிம். மிசோரம் தலைநகர் ஐஸ்வாலைச் சேர்ந்த 13 வயதுச் சிறுமி. பறந்துபோய் ஊரைக் காப்பாற்றும் சூப்பர் ஹீரோ. ஆனால் அந்த வேலையே அவளுக்குப் பெரிய தொல்லை! மற்றப் பிள்ளைகளைப் போல நிம்மதியாக இருக்கத்தான் ஆசை. வடகிழக்கு மாநிலத்துப் பெண் என்று அங்கே யாரும் பாடம் எடுப்பதில்லை. அவள் அலுத்துக்கொள்கிறாள், பறக்கிறாள், அவ்வளவுதான்.

தமிழில் இதற்கு நேரம் கூடிவந்திருக்கிறது. அரசுப் பள்ளிகளில் வாசிப்பு இயக்கத்தின் சின்னச் சின்னப் புத்தகங்கள் ‘நுழை, நட, ஓடு, பற’ என்று படிப்படியாகப் பிள்ளைகள் கைக்குப் போகின்றன. ஊஞ்சல், தேன்சிட்டு இதழ்கள் பள்ளிக்கே வருகின்றன. புத்தகம் வாங்க வசதியில்லாத வீட்டுக்கும் இப்போது கதை போய்ச்சேர்கிறது. அந்தக் கதைக்குள் அந்த வீடும் இருக்க வேண்டாமா?

எனக்கு ஓர் ஆசை. கரையான்சாவடி மெட்ரோ தூணுக்குக் கீழே கூடும் நாலு பிள்ளைகள். ஒரு இருளர் வீட்டுச் சிறுமி, ஒரு ஒடியா பையன், பூந்தமல்லி டெய்லர் பாயின் மகள், டிபன் கடைக்கார அக்காவின் மகன். ஷேர் ஆட்டோவில் யாரோ விட்டுப்போன பை, காணாமல்போன பேட், இரவில் மட்டும் எரியும் மொட்டைமாடி விளக்கு என்று புத்தகத்துக்கு ஒரு மர்மம். பத்துப் புத்தகம் வரட்டும். “இவர்களும் மனிதர்களே” என்று யாரும் யாருக்கும் சொல்ல வேண்டாம். மர்மத்தைக் கண்டுபிடித்தால் போதும்.

எழுத்தாளர்கள் எழுதும்வரை பெற்றோர் சும்மா இருக்க வேண்டியதில்லை. ஜனவரியில் புத்தகக் காட்சிக்குப் போய் பிள்ளைக்கு ஒரு தொடர் வாங்கும்போது மூன்று கேள்விகள் கேளுங்கள்.

கதையில் வரும் பிள்ளைகளின் அப்பா அம்மா என்ன வேலை பார்க்கிறார்கள்? எல்லோருமே டாக்டர், இன்ஜினீயர் என்றால் கொஞ்சம் யோசியுங்கள்.

பிரச்சினையைத் தீர்ப்பது யார்? ஏழை வீட்டுப் பிள்ளை எப்போதும் உதவி வாங்கும் இடத்திலேயே நின்றால், புத்தகத்தைக் கீழே வைத்துவிடுங்கள்.

யாரைப் பார்த்துச் சிரிக்க வைக்கிறார்கள்? எல்லோரும் மாறி மாறி அசடு வழிந்தால் நல்ல நகைச்சுவை. ஒரே ஆள் மட்டும் வழிந்தால், அந்த ஆளின் பெயரையும் ஊரையும் பாருங்கள்.

வீட்டில் காளி புத்தகம் இருந்தால் இன்னொரு வேலையும் உண்டு. படித்து முடித்ததும் ஒரு நோட்டைக் கொடுத்து, “மறுநாள் காளி பள்ளிக்கு வந்தான். அன்றைக்குப் பாம்பு வரவில்லை” என்று நீங்கள் ஆரம்பித்து வையுங்கள். மீதியைப் பிள்ளைகள் எழுதட்டும்.