பெரியம்மாவின் பூட்டு

பெரியம்மாவுக்கு வயது 67. மார்பில் கோலிக்குண்டு சைஸில் ஒரு கட்டி. ஐந்து மாதம் யாரிடமும் மூச்சு விடவில்லை. அக்காவிடம் மாட்டிக்கொண்டபோது, "நம்ம வம்சத்துலயே யாருக்கும் கிடையாதுடி. இது வெறும் கொழுப்பு" என்று தானே டயக்னோசிஸும் கொடுத்துவிட்டாள்.

கொழுப்புக்கும் இதில் பங்கு உண்டு என்பது பெரியம்மாவுக்குத் தெரியாது.

கொஞ்சம் உயிரியல். கொட்டாவி விடாமல் கேளுங்கள். ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் ஒரு சாவி. மார்பகச் செல்லுக்குள் அதற்கொரு பூட்டு உண்டு. ரிசப்டர் என்பார்கள். 1950-களின் கடைசியில் சிகாகோவில் எல்வுட் ஜென்சன் கண்டுபிடித்தது. சாவி நுழைந்தால் செல்லுக்கு 'பெருகு' என்று ஆர்டர் போகும். மாதவிலக்கு நின்றதும் சினைப்பை ரிட்டயர்டு. ஹெட்கிளார்க் ரிட்டயரானால் பக்கத்து சீட்காரர் ஃபைலைப் பார்ப்பாரில்லையா? இங்கே பக்கத்து சீட், உடம்புக் கொழுப்பு. கொஞ்சம் கொஞ்சமாகச் சாவி தயாரித்துக்கொண்டே இருக்கும்.

பூட்டுக்கான குறிப்பு ஆறாவது குரோமோசோமில் ஒரு ஜீனில் இருக்கிறது. அங்கங்கே ஓர் எழுத்து மட்டும் ஆளுக்கு ஆள் மாறும். 2009-இல் ஷாங்காய் பெண்களை ஆராய்ந்தவர்கள், இந்த ஜீனுக்குப் பக்கத்தில் ஒரே ஓர் எழுத்து மாறி, அதுவும் அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் வந்திருந்தால், மார்பகப் புற்றுநோய் அபாயம் சுமார் ஒன்றரை மடங்கு என்று கண்டார்கள்.

பயப்படாதீர்கள். இது தூறல். இடி வேறே. 1994-இல் அகப்பட்ட பி.ஆர்.சி.ஏ.1 ஜீனில் பழுதுள்ள பெண்களில் பாதிப்பேருக்கு மேல் ஆயுளில் என்றாவது இந்த நோய் வருகிறது. பாட்டி, அத்தை, சித்தி என்று குடும்பத்தில் வரிசையாகத் தெரியும். தூறல் அப்படித் தெரியாது. இதுபோல் இருநூறு இடங்களுக்கு மேல் கண்டுபிடித்திருக்கிறார்கள். அப்பா வழியில் கொஞ்சம், அம்மா வழியில் கொஞ்சம், கூடவே வயசும் எடையும் சேர்ந்தால், யாருக்குமே இல்லாத வம்சத்தில் ஒருத்திக்கு வரும். இந்த நோய் வந்தவர்களில் பெரும்பாலோர் பெரியம்மா கட்சிதான்.

கட்டியைச் சோதித்ததில் பூட்டுகள் ஏராளம் என்று ரிப்போர்ட் வந்தது. "நல்ல செய்தி" என்றார் டாக்டர். எனக்குக் கோபம் வந்தது. அப்புறம்தான் புரிந்தது. பூட்டு இருந்தால்தான் மாத்திரைக்கு வேலை. ஆபரேஷன் முடிந்து, பெரியம்மா இப்போது தினம் ஒன்று போட்டுக்கொள்கிறாள். சாவிப் பட்டறையை இழுத்து மூடுகிற மாத்திரை. ஐந்து மாதம் முன்னாலேயே வந்திருந்தால் ஆபரேஷன் சின்னதாக முடிந்திருக்கும் என்பதை டாக்டர் என்னிடம் மட்டும் சொன்னார்.

குடும்பத்தில் வரிசையாக யாருக்கும் இல்லையென்றால் ஜீன் டெஸ்ட்டுக்குச் சம்பளத்தைக் கரைக்க வேண்டாம். இந்த ஞாயிறு ஊருக்குப் போன் பண்ணும்போது, "சாப்பிட்டியாம்மா?"வுக்கு அப்புறம் இதையும் கேளுங்கள். கூச்சமாயிருந்தால் அக்காவை விட்டுக் கேட்கச் சொல்லுங்கள். அம்மா திட்டுவாள்.

திட்டட்டும்.