பிள்ளை பெற்ற உடம்பு

சின்னம்மாவின் மகள் எனக்கு அக்கா முறை. மூன்று வருடத்துக்கு முன் அவருக்கு இரண்டாவது குழந்தை பிறந்தது. ஐந்தாம் நாள் கால் வீங்கியது, முகம் வெளுத்தது. "பிள்ளை பெத்த உடம்பு அப்படித்தான்," என்றார் பெரியம்மா. சிறுநீர் சரியாகப் போகவில்லை என்று அக்கா சொன்னபோது, "பத்தியத்துல தண்ணிய குறைச்சிட்டோம்ல, அதான்கா," என்று சமாதானம் சொன்னது நான். தினமும் காலையில் மைக் முன்னால் உட்கார்ந்து ஊருக்கே உடல்நலக் குறிப்பு வாசிக்கிறவள்!

எட்டாம் நாள் அக்காவுக்கு மூச்சு வாங்கியது. மருத்துவமனையில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். தட்டணுக்கள் சரிந்திருந்தன. சிவப்பணுக்கள் உடைந்து கிடந்தன. சிறுநீரகங்கள் ஏறக்குறைய வேலையை நிறுத்தியிருந்தன. வேறு சில நோய்கள் இல்லையென்று உறுதியான பிறகு பெயர் சொன்னார்கள்: ஏ.எச்.யு.எஸ். மிக அரிய நோய்.

கிருமிகளைத் தாக்க நம் ரத்தத்தில் 'காம்ப்ளிமெண்ட்' என்றொரு புரதப் படை இருக்கிறது. சிலருக்குப் பிறவியிலேயே அதன் பிரேக் சரியில்லை. பிரசவமோ கிருமித்தொற்றோ தூண்டிவிட்டால், அது சொந்த ரத்தக் குழாய்களையே தாக்கும். நுண்ணிய குழாய்களில் ரத்தம் உறையும்; அந்த இடுக்கில் நுழையும் சிவப்பணுக்கள் கிழியும். சிறுநீரகம் முழுக்க அப்படிப்பட்ட குழாய்கள்தான். அதனால் பெரிய அடி அதற்கே.

முன்பெல்லாம் பிளாஸ்மாவை மாற்றுவதுதான் சிகிச்சை. பலருக்கு அது போதாமல், வாழ்க்கை டயாலிசிஸ் இயந்திரத்தோடு நின்றது. 2011இல் எக்குலிசுமாப் என்ற மருந்துக்கு அமெரிக்காவும் ஐரோப்பாவும் இந்நோய்க்காக அனுமதி அளித்தன. அந்தப் படையின் சி5 என்ற புரதத்தை அது தடுக்கிறது. முதலில் வாரம் ஒருமுறை, பிறகு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நரம்பு வழியாக ஏற்றுவார்கள். அடுத்து வந்த ராவுலிசுமாப், பெரியவர்களுக்கு எட்டு வாரத்துக்கு ஒருமுறை போதும். படை அடங்குவதால் மெனிங்கோகாக்கஸ் கிருமி எளிதில் தாக்கும். அதற்குத் தடுப்பூசி அவசியம்.

விலைதான் தலைசுற்ற வைத்தது. உலகின் மிக விலையுயர்ந்த மருந்துகளில் அதுவும் ஒன்று. சின்னம்மா வளையல்களைக் கழற்றி மேசைமேல் வைத்தார். அது ஒரு மூலைக்குக்கூடக் காணாது. மருத்துவர் எழுதிக் கொடுத்த உதவி விண்ணப்பம், சொந்தபந்தங்கள் கொடுத்தது எல்லாம் சேர்ந்து சில மாதங்களுக்கு மருந்து கிடைத்தது. 2023இல் ஐரோப்பாவில் இதற்கு இணையான மாற்று மருந்துகள் அனுமதி பெற்றன என்று படித்தபோது, நான் நினைத்தது அந்த வளையல்களைத்தான்.

ஐந்து வாரத்தில் அக்காவின் டயாலிசிஸ் நின்றது. சிறுநீரகம் முழுதாகத் திரும்பவில்லை. மருந்து எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறதோ, அவ்வளவுக்குச் சிறுநீரகம் தப்பும் என்றார் மருத்துவர். நாங்கள் வீட்டில் காரணம் சொல்லிக் கழித்தது மூன்று நாள்.

பிரசவமான வீட்டில் வீக்கம், வெளுப்பு, சிறுநீர்க் குறைவு, காரணமில்லாத ரத்தக்கட்டு எது தெரிந்தாலும் காரணம் தேடாதீர்கள். அன்றே மருத்துவரிடம் போய் ரத்தமும் சிறுநீரும் பார்க்கச் சொல்லுங்கள். ஒன்றுமில்லை என்று தெரிந்தால் சிரித்துக்கொண்டே வீடு திரும்பலாம்.

இப்போதெல்லாம் யாராவது "அப்படித்தான்" என்று ஆரம்பித்தாலே நான் கேட்பது ஒன்றுதான்: "ரத்தம் பாத்தீங்களா?"