ஆயில் விளக்கு எரிந்தால் யாருக்குக் கூலி?

சென்னை ரயிலில் வரும் தர்மபுரிக்காரர்கள் பலர் இறங்குவது மொரப்பூரில். அங்கிருந்து வீட்டுக்குச் சாலை வழிதான். 1906ல் இந்த இரண்டு ஊருக்கும் நடுவே ஒரு குட்டி ரயில் ஓடத் தொடங்கியது. 1941ல் மூடிவிட்டார்கள். புதிய பாதைக்கு 2019ல் அடிக்கல் நாட்டினார்கள். (அது தனிக்கதை. கேட்டால் ராத்திரி முழுக்கச் சொல்வார்கள்!) ஆக, ஸ்டேஷனுக்கு வெளியே நிற்கும் டாக்ஸிக்காரர்களுக்கு எப்போதும் கொஞ்சம் வேலை உண்டு.

இப்படி ஒரு காட்சியைக் கற்பனை செய்து பாருங்கள். ராத்திரி ரயிலில் இறங்கிய 4 பேர், மூட்டை முடிச்சுகளோடு ஒரு பழைய டீசல் டாக்ஸியில் ஏறுகிறார்கள். வண்டி 2 லட்சம் கிலோமீட்டர் தாண்டியது, டியூ இன்னும் பாக்கி. வெளிச்சம் இல்லாத இடத்தில் ஒரு ஸ்பீடு பிரேக்கர். அடியில் 'டங்' என்று ஒரு சத்தம். யாரும் கண்டுகொள்ளவில்லை. கொஞ்ச தூரம் போனதும், ஒரு திருப்பத்தில் வண்டி மெதுவாகும்போது டேஷ்போர்டில் எண்ணெய்க் கிண்ணி மாதிரி ஒரு சிவப்பு விளக்கு எரிகிறது. ஆக்ஸிலேட்டரை மிதித்தால் அணைகிறது. விட்டால் மறுபடி எரிகிறது.

டிரைவர் என்ன செய்வார்? நூற்றுக்குத் தொண்ணூறு பேர் செய்வது இதுதான்: "ஆயில் கொஞ்சம் கம்மியா இருக்கும், போய்ப் பாத்துக்கலாம்."

இங்கேதான் தப்பு ஆரம்பிக்கிறது. அந்த விளக்குக்கு ஆயில் எவ்வளவு இருக்கிறது என்று தெரியவே தெரியாது. பெரும்பாலான கார்களில் அது ஒரு சாதாரண பிரஷர் ஸ்விட்ச். ஆயிலின் அழுத்தத்தை மட்டும்தான் அது அறியும், அதையும் 'இருக்கிறது, இல்லை' என்ற இரண்டே வார்த்தையில்தான் சொல்லும். டயருக்குப் பிடிக்கும் காற்று சுமார் 32 பவுண்டு. பல கார்களில் இந்த விளக்கு எரிவது ஆயில் அழுத்தம் சுமார் 4 முதல் 7 பவுண்டுக்குள் இறங்கிய பிறகுதான். அதாவது இது முன்னெச்சரிக்கை கிடையாது. வீட்டுக்குள் திருடன் வந்த பிறகு குரைக்கிற நாய்!

இன்ஜினுக்குள் கிராங்க் ஷாஃப்ட் பேரிங் மேல் நேராக உட்கார்ந்து சுற்றுவதில்லை. நடுவில் மெல்லிய ஆயில் படலம் ஒன்று இருக்கிறது, அதன் மேல் மிதந்தபடிதான் சுற்றுகிறது. அழுத்தம் போனால் படலம் போகும், இரும்போடு இரும்பு உரசும். டர்போ இருக்கிற டீசல் வண்டியில் இன்னும் மோசம். டர்போவின் ஷாஃப்ட் நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் போகக்கூடியது, அதுவும் இதே ஆயிலை நம்பித்தான் நிற்கிறது. எனவே விளக்கு எரிந்தால் ஓரம் கட்டி இன்ஜினை உடனே அணைப்பது ஒன்றே வழி. அடுத்த ஊர் வரை என்ற பேச்சே கூடாது. பாசஞ்சர் திட்டினால் திட்டட்டும், வேறு வண்டி பிடித்துக் கொடுக்கலாம். டோயிங் வண்டிக்குக் கொடுக்கும் பணம் இன்ஜின் வேலையோடு ஒப்பிட்டால் டீச்செலவு.

சரி, நிறுத்தியாயிற்று. அடுத்து?

வண்டி சமதளத்தில் நிற்கட்டும். சில நிமிடம் கழித்து டிப் ஸ்டிக்கை எடுத்துத் துடைத்து, மறுபடி விட்டு எடுத்துப் பார்க்க வேண்டும். கீழ்க்கோட்டுக்கும் கீழே இருந்தால் ஒரு பதில் கிடைத்த மாதிரி. திரும்பும்போதும் பிரேக் போடும்போதும் மட்டும் விளக்கு மின்னுவதற்கு இது ஒரு பழைய காரணம். தொப்பூர் கணவாய் மாதிரியான இறக்கத்தில் இருக்கிற கொஞ்ச ஆயிலும் சம்ப்பின் ஒரு பக்கமாக ஒதுங்கிவிடும், பம்ப் காற்றை உறிஞ்சும். ஊற்றிவிட்டால் விளக்கு அணையும். ஆனால் அந்த ஆயில் எங்கே போனது, ஒழுகியதா எரிந்ததா என்ற கேள்வி பாக்கி இருக்கிறது.

ஆயில் சரியான அளவில் இருந்து விளக்கும் எரிந்தால்தான் விஷயம் சிக்கல். ஆயில் அளவுக்கு மேல் ஏறியிருந்தாலும் சந்தோஷப்பட வேண்டாம், டீசல் கலந்து நீர்த்திருக்கலாம். பால் காபி நிறத்தில் இருந்தால் கூலண்ட் கலந்திருக்கிறது.

அளவு சரியாக இருந்தும் அழுத்தம் இல்லாமல் போகுமா? போகும். அதற்கு நம் பக்கத்திலேயே ஒரு பெரிய உதாரணம் இருக்கிறது. மறைமலை நகர் ஆலையில் செய்த ஃபோர்டு எக்கோஸ்போர்ட் அமெரிக்காவுக்குப் போய் விற்பனையானது. 2023 டிசம்பரில் 1.0 லிட்டர் இன்ஜின் கொண்ட 2018 முதல் 2022 வரையிலான எக்கோஸ்போர்ட்டுகளையும் 2016 முதல் 2018 வரையிலான ஃபோகஸ் கார்களையும் ஃபோர்டு அங்கே ரீகால் செய்தது. மொத்தம் சுமார் 1,39,000 வண்டிகள். அந்த இன்ஜினில் ஆயில் பம்பைச் சுற்றுவது ஆயிலுக்குள்ளேயே ஓடும் ஒரு பெல்ட். அதன் டென்ஷனர் உடையலாம், பெல்ட்டின் பல் உதிரலாம், அப்போது பம்ப் நின்றுவிடும் என்பதுதான் குறை. சம்ப் நிறைய ஆயில் இருக்கும், அழுத்தம் பூஜ்யம். அந்த வண்டியில் இரண்டு லிட்டர் ஆயில் ஊற்றி என்ன பிரயோஜனம்?

இப்படி இன்னும் பல காரணங்கள். ஸ்டெய்னர் கசடால் அடைத்திருக்கலாம். சம்ப் நசுங்கி ஸ்டெய்னரின் வாயை மூடியிருக்கலாம். பம்பின் ரிலீஃப் வால்வு திறந்தபடி சிக்கியிருக்கலாம். பேரிங் தேய்ந்து இடைவெளி அதிகமாகியிருக்கலாம். இதில் சூடான பிறகு ஐடிலில் மட்டும் விளக்கு எரிவது வழக்கம், ஏனென்றால் சூட்டில் ஆயில் இளகும், ஐடிலில் பம்பும் மெதுவாகச் சுற்றும். எதுவுமே இல்லாமல் அந்தச் சின்ன ஸ்விட்ச் மட்டும் பொய் சொல்லவும் வாய்ப்பு உண்டு.

இவ்வளவையும் பிரித்துப் பார்க்க ஒரு சுலபமான வழி இருக்கிறது. ஸ்விட்சைக் கழற்றி அதே துளையில் ஒரு பிரஷர் கேஜை மாட்டி, இன்ஜினை ஸ்டார்ட் செய்து பார்ப்பது. முள் ஏறவே இல்லையென்றால் அந்த நொடியே அணைத்துவிட வேண்டும். ஏறினால் இன்ஜினைச் சூடாக்கி, ஐடிலில் எவ்வளவு, 2000 சுற்றில் எவ்வளவு என்று குறித்து, கம்பெனி மேனுவலில் உள்ள எண்ணோடு ஒப்பிட வேண்டும். அழுத்தம் சரியாக இருந்தால் ஸ்விட்சையும் ஒயரையும் பார்த்தால் போதும். குறைவாக இருந்தால் சம்ப்பை இறக்குவதற்கு நியாயமான காரணம் கிடைத்துவிட்டது. லேப்டாப்பை மாட்டி ஸ்கேன் செய்தால் போதாதா என்று கேட்கலாம். ஆன்-ஆஃப் ஸ்விட்ச் மட்டுமே உள்ள வண்டியில் ஸ்கேனருக்கும் விளக்குக்குத் தெரிந்ததுதான் தெரியும், அதற்கு மேல் தெரியாது.

அப்படியானால் சின்ன ஊர்களில் பல இடங்களில் ஏன் கேஜ் மாட்டிப் பார்ப்பதில்லை? மெக்கானிக்குக்குத் தெரியாது என்று சொல்வது அநியாயம். காரணம் பில்லில் இருக்கிறது. பில்லை எடுத்துப் பாருங்கள். ஸ்பேர்ஸுக்கு ஒரு வரி, லேபருக்கு ஒரு வரி. 'கோளாறைக் கண்டுபிடித்ததற்கு' என்று ஒரு வரி கிடையாது. ஒருவர் அரை மணி நேரம் கேஜ் மாட்டிப் பார்த்து "இன்ஜின்ல ஒண்ணுமில்ல அண்ணா, ஸ்விட்ச்தான்" என்று உண்மையைச் சொன்னால் அவருக்குக் கிடைப்பது ஒரு சின்ன ஸ்விட்சின் கமிஷன். அதற்கும் வண்டிக்காரர் பேரம் பேசுவார். "சும்மா பாத்ததுக்கா காசு?" ஆனால் அதே ஆள் பேரிங் போய்விட்டது என்று இன்ஜினை இறக்கினால் பல ஆயிரம் ரூபாய் பில், அதை யாரும் கேள்வி கேட்பதில்லை. பொருள் கைமாறினால்தான் பணம் என்று ஒரு வியாபாரத்தை அமைத்துவிட்டு, தேவையில்லாமல் பொருளை மாற்றுகிறார்கள் என்று புலம்புவதில் அர்த்தம் என்ன?

இதைவிடக் கொடுமையான ஒரு 'ரிப்பேர்' உண்டு. பழைய மாதிரி ஒற்றை ஒயர் ஸ்விட்சில் ஒயரைப் பிடுங்கிவிட்டால் விளக்கு அணைந்துவிடும்! செலவு பூஜ்யம், கஸ்டமருக்கும் திருப்தி. செகண்ட் ஹேண்ட் கார் வாங்கப் போகிறவர்கள் சாவியை ஆன் செய்து, ஸ்டார்ட் செய்யாமல் ஒரு நிமிடம் டேஷ்போர்டைப் பார்க்கட்டும். அந்தச் சிவப்புக் கிண்ணி எரிய வேண்டும், ஸ்டார்ட் ஆனதும் அணைய வேண்டும். சாவி போட்டும் எரியவில்லை என்றால், கையில் இருக்கும் அட்வான்ஸைப் பத்திரமாகப் பாக்கெட்டிலேயே வைத்துக்கொள்ளலாம் :-)

பார்ப்பதற்குக் காசு வாங்கிவிட்டுப் பார்க்காமலே கதை சொல்பவர்களும் வருவார்களே என்பது நியாயமான சந்தேகம். அதற்குத்தான் எண் இருக்கிறது. ஐடிலில் இவ்வளவு பவுண்டு, 2000ல் இவ்வளவு என்று பில்லிலேயே எழுதித் தரச் சொல்லலாம். இன்னொரு பட்டறையில் போய் அதையே அளந்து பார்க்க முடியும். "ரெண்டு நாள் ஓட்டிப் பாருங்க" என்பதை அப்படி அளந்து பார்க்க முடியாது.

மறுபடி அந்த டாக்ஸி. டிரைவர் உடனே அணைத்துவிட்டார் என்றே வைத்துக்கொள்வோம். காலையில் பட்டறையில் டிப் ஸ்டிக் சரி, ஆயிலின் நிறமும் சரி. கேஜில் அழுத்தம் குறைவு. வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தால் சம்ப்பில் ஒரு பள்ளம், ஸ்டெய்னருக்கு நேர் கீழே. ராத்திரி கேட்ட 'டங்' அதுதான். சம்ப்பை இறக்கித் தட்டி நிமிர்த்தி, ஸ்டெய்னரைச் சரி செய்து, புது ஆயில், புது ஃபில்டர். மறுபடி கேஜ் மாட்டினால் முள் வர வேண்டிய இடத்தில் வந்து நிற்கிறது. மெக்கானிக் பில் எழுதுகிறார். கடைசி வரியில் 'பிரஷர் பார்த்தது' என்று எழுதி ஒரு தொகை போடுகிறார். டிரைவர் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருக்கிறார், பாக்கெட்டில் கை போகிறது...