ஒரே வரியில் திறந்தால் போதுமா?



சென்ற வாரம் கரியமாணிக்கம் வந்த பேரன் கல்லூரி புராஜெக்டைக் காட்டினான். 24 பிட் பிஎம்பி படத்தை பைட் பைட்டாகப் படித்துத் திரையில் போட்டால், படம் சாய்ந்து நிறமும் குழம்புகிறது. "ஃபைலே சரியில்லை தாத்தா" என்றான்.

ஃபைல் சரிதான். அகலம் 150 பிக்சல். பிக்சலுக்கு 3 பைட், ஆக வரிசைக்கு 450. ஆனால் பிஎம்பியில் வரிசையின் நீளம் 4-ஆல் வகுபட வேண்டும். 2 வெற்று பைட் சேர்ந்து 452. பிள்ளை 450 என்றே எண்ணிப் போனதால் வரிசைக்கு வரிசை நழுவியது. நாலாம் வகுப்பு வகுத்தல் கணக்கு!

இதைச் சொன்னால், "ஓப்பன்சிவி இருக்கே சார், ஒரே வரி" என்கிறீர்கள். வேலைக்குச் சரி. படிக்கிற பிள்ளைக்கு? அந்த ஒரே வரி நீலம், பச்சை, சிவப்பு என்ற வரிசையில்தான் பைட்டுகளைத் தரும். சிவப்புதான் முதலில் என்று நினைத்துக் காட்டினால் முகம் நீலம் பாயும். அப்போது எந்த வரியைக் கூப்பிடுவான்?

ஜேபெக்கை விரிக்க லைப்ரரி வேண்டும், மறுக்கவில்லை. அதில் 255, 216 என்று தொடங்கிப் பின்னால் வருவது சுருக்கி வைத்த சரக்கு. நேராகப் படித்தால் பிக்சல் கிடைக்காது. 4000-க்கு 3000 ஃபோட்டோ ஃபோனில் சில எம்பிதான். விரித்தால் 3 கோடியே 60 லட்சம் பைட். இது தெரியாமல் நூறு படத்தை ஒன்றாகத் திறந்துவிட்டு கம்ப்யூட்டரைத் திட்டுகிறார்கள்.

கல்லூரியில் பாடம் நடத்தும் என் மாணவர்களே, முதல் வாரம் லைப்ரரியைப் பூட்டி வையுங்கள். சின்ன பிஎம்பி ஒன்றைக் கொடுங்கள். பூஜ்யத்திலிருந்து எண்ணி 10-ஆம் பைட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். பிக்சல் எங்கே தொடங்குகிறது என்று அங்கே இருக்கும். முதலில் படம் தலைகீழாக வரும். ஏன் என்று உடனே சொல்லிவிடாதீர்கள்.