செக் திரும்பினால் முகம் பார்க்கலாமா?

மொத்த வியாபாரத்தில் பாதி சரக்கு, பாதி நம்பிக்கை. தென்காசி பஜாரிலும் சரி, செங்கோட்டை, கடையநல்லூர், பாவூர்சத்திரம், சுரண்டை ஊர்களிலும் சரி, ரொக்கத்துக்கு மட்டுமே சரக்கு என்று பலகை மாட்டிவிட்டு வியாபாரம் நடத்த முடியாது. குற்றாலம் சீசன் கடைக்காரருக்கு ஆனி பிறக்கும் முன்பே சரக்கு இறங்க வேண்டும். சாரல் விழுந்து, அருவியில் கூட்டம் சேர்ந்த பிறகுதான் அவர் கையில் பணம் புரளும். இந்த இடைவெளிக்காகவே தேதி போட்ட செக் வாங்குகிறோம். செல்போனில் பணம் அனுப்பும் காலம் வந்துவிட்டாலும், முப்பது நாள், நாற்பத்தைந்து நாள் கடனுக்கு ஈடாக நிற்பது இன்றும் செக்தான்.

அந்தச் செக் பணமில்லாமல் திரும்பும்போது என்ன நடக்கிறது? "அண்ணாச்சி, கொஞ்சம் பொறுங்க, அடுத்த வாரம் திரும்பப் போடுங்க" என்கிறார் பார்ட்டி. பத்து வருடப் பழக்கம், கல்யாண வீட்டில் பார்க்க வேண்டிய முகம் என்று நம் வணிகர்களில் பலர் பேசாமல் இருந்துவிடுகிறார்கள். இரண்டு மாதம் கழித்து வக்கீலிடம் போனால், "நாள் கடந்துவிட்டதே" என்கிறார். பணமும் போய், வழக்குப் போடும் உரிமையும் கேள்விக்குறி ஆகிறது.

சட்டம் என்ன சொல்கிறது என்பதை உறுப்பினர்கள் ஒவ்வொருவரும் மனதில் நிறுத்த வேண்டும். 1881ஆம் ஆண்டு மாற்றுமுறை ஆவணச் சட்டத்தில், செக் திரும்புவதைக் குற்றமாக்கும் 138ஆவது பிரிவு 1988இல் சேர்க்கப்பட்டு, 1989 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்தது. அதற்கு முன் சிவில் கோர்ட்டில் பண வழக்குப் போடுவதே பெரும்பாலும் வழியாக இருந்தது. இன்றைய நிலவரப்படி கணக்கு இதுதான்:

1. செக்கின் ஆயுள் அதில் கண்ட தேதியிலிருந்து 3 மாதம். 2012 ஏப்ரலுக்கு முன் 6 மாதமாக இருந்தது.

2. செக் திரும்பிய தகவல் வங்கியிலிருந்து கிடைத்த 30 நாட்களுக்குள் எழுத்து மூலம் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். முன்பு 15 நாளாக இருந்ததை 2002ஆம் ஆண்டுத் திருத்தம் 30 ஆக்கியது.

3. நோட்டீஸ் கைக்குப் போய்ச் சேர்ந்த நாளிலிருந்து பார்ட்டிக்கு 15 நாள் தவணை உண்டு. அதற்குள் பணம் கொடுத்துவிட்டால் வழக்கே இல்லை.

4. கொடுக்காவிட்டால், அந்த 15 நாள் முடிந்ததிலிருந்து ஒரு மாதத்துக்குள் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் புகார் தாக்கல் செய்ய வேண்டும். தவணை முடியும் முன் அவசரப்பட்டுப் போட்டாலும் செல்லாது. தாமதத்துக்குத் தக்க காரணம் இருந்தால் கோர்ட் ஏற்கலாம். அதை நம்பி உட்கார்ந்திருப்பது வியாபாரிக்கு அழகல்ல.

குற்றம் நிரூபணமானால் 2 ஆண்டு வரை சிறை, அல்லது செக் தொகையைப் போல் இரு மடங்கு வரை அபராதம், அல்லது இரண்டுமே விதிக்கலாம்.

"திரும்பப் போடுங்க" என்ற பேச்சு எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு நமது தமிழ்நாட்டு வழக்கு ஒன்றே போதும். எம்.எஸ்.ஆர். லெதர்ஸ் என்ற நிறுவனம் 1996 ஆகஸ்டில் மொத்தம் 10 லட்ச ரூபாய்க்கு நான்கு செக்குகள் பெற்றது. நவம்பரில் அவை திரும்பின. நோட்டீஸ் போனது. எதிர்த்தரப்பு அவகாசம் கேட்டுக் கடிதம் எழுதியது. அதை நம்பி 1997 ஜனவரியில் மறுபடி போட்டார்கள், மறுபடியும் திரும்பின. இரண்டாவது நோட்டீஸை வைத்து வழக்குப் போட்டபோது, முதல் முறையே போட்டிருக்க வேண்டும் என்ற வாதம் எழுந்தது. சென்னை உயர்நீதிமன்றமும் அதை ஏற்றது. கடைசியில் 2012 செப்டம்பரில் உச்சநீதிமன்றம்தான், இரண்டாவது முறை திரும்பியதை வைத்தும் வழக்குப் போடலாம் என்று தீர்ப்பளித்தது. வழக்கு நடக்கலாமா கூடாதா என்று முடிவாகவே செக் தேதியிலிருந்து 16 ஆண்டு! அந்தத் தீர்ப்பு இன்று நமக்குப் பாதுகாப்பு. ஆனால் செக்கின் ஆயுளே 3 மாதம் என்றிருக்கையில், எத்தனை முறை திரும்பப் போட முடியும் என்று யோசிக்க வேண்டும்.

கேரளத்துக்குச் சரக்கு அனுப்பும் நம் வட்டாரத்தாருக்கு இன்னொரு செய்தி முக்கியம். செக் எந்த வங்கிக் கிளையின் பேரில் எழுதப்பட்டதோ, அந்த ஊரில்தான் வழக்கு என்று 2014 ஆகஸ்ட் 1இல் உச்சநீதிமன்றம் சொல்லிவிட்டது. புனலூர், கொல்லம் பார்ட்டி கொடுத்த செக்குக்கு நாம் மலையைத் தாண்டி அலைய வேண்டிய நிலை. 2015ஆம் ஆண்டுத் திருத்தம் இதை மாற்றியது. நம் கணக்கில் செக்கைப் போட்டால், நம் கணக்கு உள்ள கிளை எந்த ஊர் கோர்ட் எல்லையில் இருக்கிறதோ அங்கேயே வழக்குப் போடலாம். தென்காசியில் கணக்கு என்றால் தென்காசியிலேயே நடத்தலாம்.

நோட்டீஸிலும் கவனம் வேண்டும். செக்கில் உள்ள தொகையைத் துல்லியமாகக் கேட்க வேண்டும். ஒரு கோடி ரூபாய் செக்குக்கு இரண்டு கோடி என்று எழுதிய நோட்டீஸ், தட்டச்சுப் பிழை என்று சொல்லியும் செல்லாது என்று 2025இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. செக் வாங்கிய பிறகு பார்ட்டி பாதித் தொகை கொடுத்திருந்தால், அதைச் செக்கிலேயே குறித்துக்கொண்டு மீதிக்கு மட்டும் வங்கியில் போட வேண்டும். வாங்கியதை மறைத்து முழுத் தொகைக்கும் போட்டால் வழக்கு நிற்காது. சீசனில் ஐயாயிரம், பத்தாயிரம் என்று துண்டு துண்டாக வரவு வைக்கும் நமக்கு இது மிகவும் பொருந்தும். பில், சரக்கு ஒப்படைத்த ரசீது, பேரேடு மூன்றும் சுத்தமாக இருக்கட்டும்.

"கோர்ட்டுக்குப் போனால் உடனே கிடைக்குமா?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. 2019 டிசம்பர் கடைசியில் நாட்டில் நிலுவையிலிருந்த 2.31 கோடி கிரிமினல் வழக்குகளில் 35.16 லட்சம் செக் வழக்குகள் என்று உச்சநீதிமன்றமே குறிப்பிட்டது. 6 மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்று சட்டத்தில் இருந்தாலும் நடைமுறை வேறு. ஆயினும் 2018 திருத்தத்தின்படி, எதிரி குற்றத்தை மறுத்தால் செக் தொகையில் 20 சதவீதம் வரை இடைக்கால இழப்பீடு தரச் சொல்லக் கோர்ட்டுக்கு அதிகாரம் உண்டு. எந்தக் கட்டத்திலும் சமாதானமாகவும் போகலாம். 147ஆவது பிரிவு அதற்கு இடம் தருகிறது.

இங்கேதான் நாம் சொல்ல வந்த கருத்து. பணம் கொடுக்க முடியாதவர் வேறு, கொடுக்க மனமில்லாதவர் வேறு. கொரோனாவால் 2020, 2021 இரண்டு ஆண்டும் குற்றாலத்தில் சீசனே இல்லை. அருவியில் குளிக்கத் தடை, கடைகள் வெறிச்சோடின. அந்த நேரத்தில் திரும்பிய செக்கையும், சரக்கை விற்றுக் காசாக்கிவிட்டுக் கணக்கை மூடியவர் செக்கையும் ஒரே தராசில் நிறுக்கக் கூடாது. ஆனால் இருவருக்கும் நோட்டீஸ் போக வேண்டும். நோட்டீஸ் நம் உரிமையைக் காப்பாற்றி வைக்கிறது. இரக்கம் காட்டுவதா வேண்டாமா என்பதை அதன் பிறகு நிதானமாக முடிவு செய்யலாம். உரிமையை இழந்தவனுக்கு இரக்கம் காட்டவும் கையில் ஒன்றுமிருக்காது.

சில்லறை வணிகச் சகோதரர்களுக்கும் ஒரு வார்த்தை. தொகை எழுதாமல் கையெழுத்து மட்டும் போட்ட செக்கை எவர் கேட்டாலும் கொடுக்காதீர்கள். கடனுக்காக மனமுவந்து கொடுத்த வெற்றுச் செக்கும் உங்களைக் கட்டுப்படுத்தும் என்று 2019இல் தீர்ப்பாகியுள்ளது. மொத்த வணிகர்களும் அப்படிக் கேட்பதை விட்டுவிட வேண்டும். ஒருவர் கழுத்தில் கயிறு மாட்டி வைத்துக்கொண்டு அதை நம்பிக்கை என்று சொல்லக் கூடாது.

திரும்பிய செக்குக்கு உடனே நோட்டீஸ் என்பதை நம் ஊர் வழக்கமாகவே ஆக்கிவிட்டால், அதை யாரும் அவமானமாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். பில் போடுவது போல, வசூலுக்குப் போவது போல அதுவும் வியாபாரத்தின் ஒரு வேலை ஆகிவிடும். நமது சங்கம் இரு தரப்பையும் உட்கார வைத்துப் பேசும் வேலையை அந்த 15 நாள் தவணைக்குள் செய்து முடிக்கட்டும். பேச்சு பலித்தால் பணமும் வரும், உறவும் நிலைக்கும். பலிக்காவிட்டால் கோர்ட் கதவு திறந்தே இருக்கும்.