எண்ணெய்த் தொட்டியும் ஒரு மதிப்பெண்ணும்



அறிவியலில் 'நிலைத்தன்மை' என்றொரு பாடம் உண்டு. அடித்தளப் பரப்பளவு பெரிதாகவும் உயரம் குறைவாகவும் இருந்தால் பொருள் எளிதில் சாயாது என்பதே அதன் சாரம். அண்மையில் ஒரு பயிற்சியில், "படகு எளிதில் சாயாதிருக்க என்ன செய்யலாம்?" என்று கேட்டிருந்தேன். "டேங்கைக் கீழே, நடுவில் வைக்க வேண்டும்" என்று ஒரு மாணவன் எழுதியிருந்தான். விடைக்குறிப்பில் அவ்விடை இல்லை. தவறு என்று குறித்துவிட்டேன்.

அவன் தந்தை கிள்ளான் துறைமுகப் பகுதியில் படகு பழுதுபார்ப்பவர். என்னைச் சந்தித்தபோது அவர் கோபப்படவில்லை. "டீச்சர், போன வாரம் இதைத்தான் நானும் அவனும் செய்தோம்" என்றார்.

அது ஒரு சிறிய பாய்மரப் படகு. 40 லிட்டர் டீசல் தொட்டி அதன் பின்கோடியில், ஒரு பக்க இருக்கையின் அடியில் இருந்தது. தொட்டி நிறைந்தால் ஏறத்தாழ 34 கிலோகிராம் பாரம். அதாவது நம் மாணவன் ஒருவனின் எடை! அதனால் படகின் பின்புறம் தாழ்ந்தது, அணியம் உயர்ந்தது, படகு ஒருபக்கமாகச் சாய்ந்தும் நின்றது. ஆகவே தொட்டியைப் படகின் நடுக்கோட்டில், அடிப்பகுதிக்கு மாற்ற முடிவு செய்தனர்.

ஆயினும் உடனே துளையிடவில்லை. தொட்டியைக் காலி செய்து, புதிய இடத்தில் நீர் நிரப்பிய கலன்களை வைத்து, படகு எப்படி மிதக்கிறது என்று முதலில் பார்த்தனர். டீசல் நீரைவிட இலேசானது. எனவே 34 லிட்டர் நீரே போதும் என்று கணக்கிட்டுச் சொன்னவன் அந்த மாணவன்தான். அரைகுறையாக நிரம்பிய தொட்டியில் எண்ணெய், படகு சாயும் பக்கமே ஓடிச் சாய்வை மிகுவிக்கும். ஆதலால் உள்ளே தடுப்புத் தகடுகள் தேவை என்பதையும் அவன் அறிந்திருந்தான்.

பாரம் மேலே மிகுந்தால் என்னவாகும் என்பதற்கு வரலாறே சான்று. சுவீடனின் 'வாசா' போர்க்கப்பல் 1628ஆம் ஆண்டு, தன் முதல் பயணத்தில் ஏறத்தாழ 1,300 மீட்டரே சென்று, காற்றில் சாய்ந்து மூழ்கியது. அரசரின் கப்பல் கட்டுநர்கள் தவறவிட்ட உண்மையை ஒரு தமிழ்ப்பள்ளி மாணவன் ஒற்றை வரியில் எழுதியிருந்தான். நானோ அதற்குச் சுழியம் அளித்தேன்!

யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021ஆம் ஆண்டில் ஒழிக்கப்பட்டது. ஆனால், விடைக்குறிப்புக்கு அஞ்சும் மனம் நம்மைவிட்டு அகன்றதா? விடையைத் தள்ளுமுன், "ஏன் இப்படி எழுதினாய்?" என்று ஒருமுறை கேட்போம். பெற்றோர்களே, நீங்கள் செய்யும் தொழிலைப் பிள்ளைகள் அருகிலிருந்து பார்க்கட்டும். பட்டறையும் படகுத்துறையும் அறிவியல் கூடங்களே.

அந்த மாணவனின் தாளைத் திரும்பப் பெற்று மதிப்பெண்ணைத் திருத்தினேன். அடுத்த வாரம் அவன் தந்தை எங்கள் வகுப்பிற்கு வருகிறார். அன்று நானும் ஒரு மாணவியாக அமர்ந்திருப்பேன்.